அண்மையில் என்ன படித்தீர்கள்?

இருவர் சந்தித்தால் நம் நாட்டில் கேட்கப்படும் கேள்விகள் பல. சாப்பாடு ஆயிற்றா என்பது முதற்கேள்வி. பிள்ளைகள் நலமா, மழை உண்டா, நெல் என்ன விலைக்குப் போகிறது, மகளுக்கு வரன் அமைந்ததா என்று அடுத்தடுத்து வினவுவோம். அக்கறையால் எழும் இக்கேள்விகளில் குறை காண்பதற்கில்லை. ஆயினும், "அண்மையில் என்ன படித்தீர்கள்?" என்று ஒருவரை ஒருவர் கேட்பதை நாம் கண்டதுண்டா? பள்ளிப் பிள்ளையிடம் கேட்போம், அதுவும் தேர்வுக்காக. பள்ளியைக் கடந்தவரிடம் அக்கேள்வியைக் கேட்பதே மரியாதைக் குறைவு என்று எண்ணுவோர் போல நடந்துகொள்கிறோம்.

வயிற்றுக்கு உணவு கிடைத்ததா என்று கேட்கும் அன்பு, உள்ளத்திற்கு உணவு கிடைத்ததா என்றும் கேட்க வேண்டாமா? இக்கேள்வியைக் குடும்பங்களிடையே மீண்டும் புழக்கத்திற்குக் கொண்டுவர வேண்டும் என்பது நம் நெடுநாளைய அவா. பிறரைக் கேட்கும் முன் நாமே விடை கூறுவது முறையாதலால், அண்மை மாதங்களில் நாம் படித்த சில நூல்களைப் பற்றி வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள முற்படுகிறோம்.

வீட்டில் கிடந்த இரு நூல்கள்

நூல் ஒன்று கைமாறுவதால் என்ன விளையும் என்பதற்குத் திருச்சபையின் வரலாறே சான்று. 1521ஆம் ஆண்டு பம்பலோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்த படைவீரர் ஒருவர், ஸ்பெயின் நாட்டு லொயோலாவில் தம் குடும்ப மாளிகையில் படுத்த படுக்கையாய்க் கிடந்தார். பொழுது போகவில்லை. வீரதீரக் காதற் கதைகள் வேண்டும் என்று கேட்டார். அவ்வீட்டில் அத்தகைய நூல் ஒன்றும் அகப்படவில்லை. அவர்தம் அண்ணியார் இருந்ததை எடுத்துக் கொடுத்தார்: கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறு ஒன்று, புனிதர்களின் வரலாறு ஒன்று. வேறு வழியின்றிப் படிக்கத் தொடங்கியவர், படித்து முடித்தபோது வேறு மனிதராய் எழுந்தார். அவரே புனித இஞ்ஞாசியார்.

இந்நிகழ்ச்சியில் இஞ்ஞாசியாரைப் புகழ்வோர் பலர். நாமோ அந்த அண்ணியாரையும், அவ்வீட்டு அலமாரியையும் எண்ணிப் பார்க்கிறோம். நோயாளி கேட்டது இல்லை, கேளாதது இருந்தது. இல்லத்தில் எந்த நூல் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறதோ, அதுவே துன்பநாளில் ஒருவரின் கையில் ஏறும்.

அதே இஞ்ஞாசியார் நிறுவிய சபையைச் சேர்ந்த அண்டிரிக் அடிகளார் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து தமிழ் கற்றார். அவர் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578 இல் கொல்லத்தில் அச்சேறியது. இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல்களுள் அது முதலிடம் பெறுகிறது. பதினாறே பக்கங்கள்! 1586 இல் புனிதர்களின் வரலாற்றையும் பெருநூலாகத் தமிழில் அவர் வெளியிட்டார். லொயோலா மாளிகையில் நோயாளியின் கையில் இருந்த அதே வகை நூல், அறுபத்தைந்து ஆண்டுகளில், நம் கடற்கரை மக்களின் கைக்குத் தமிழில் வந்து சேர்ந்தது. நூல்களைக் கைமாற்றும் வழக்கம் நமக்குப் புதியதன்று, மறந்துபோன ஒன்றே.

நம் பங்கில் மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை, செபமாலைக்குப் பின், கோயில் முற்றத்து வேப்பமரத்தடியில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் கூடுகின்றன. அம்மாதம் தாம் படித்ததை ஒருவருக்கொருவர் எடுத்துரைக்கின்றனர். கீழே கூறும் நூல்களுட் சில அம்மரத்தடிக்கும் சென்று வந்தவை.

ஏடு தேடிய பெரியார்

முதலாவது, தமிழ்த் தாத்தா என நாடு போற்றும் டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1855 இல் உத்தமதானபுரத்தில் பிறந்த ஐயர், எண்பத்தைந்து வயதை எட்டும் தறுவாயில், 1940 இல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் இதனை எழுதத் தொடங்கினார். 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது 122 அதிகாரங்கள் வெளிவந்திருந்தன. வரலாறோ 1899ஆம் ஆண்டளவில் நின்றுவிட்டது. முற்றுப்பெறாத நூல்தான், ஆயினும் தமிழில் இதற்கு நிகரான தன்வரலாறு காண்பது அரிது.

இந்நூலில் பெற்றோர் படிக்க வேண்டிய பகுதி முற்பகுதி. தந்தையார் வேங்கடசுப்பையர் செல்வரல்லர், இசை வல்லவர். மகனுக்குத் தமிழ் கற்பிக்க வல்லவர் எவ்வூரில் உளரோ, அவ்வூருக்குக் குடும்பத்தோடு பெயர்ந்தார். ஊர் மக்கள் கொடுத்த நெல்லிலும் பருப்பிலும் குடும்பம் நடந்தது. இன்று பிள்ளையின் படிப்புக்காகக் கடன் வாங்கும் பெற்றோர் பலர். அவர்கள் தியாகம் சிறிதன்று. ஆனால் வேங்கடசுப்பையர் பொருள் தராத ஒரு படிப்புக்காக, மகன் விரும்பினான் என்ற ஒரே காரணத்திற்காக அலைந்தார் என்பதை எண்ணும்போது நம் தலை தாழ்கிறது.

அடுத்து, அன்பர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டு பயின்ற ஐயர், 1880 இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன நூல்கள் கற்றிருக்கிறீர்கள் என்று வினவினார். ஐயர் அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கினார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. ஆம் அன்பர்களே, "என்ன படித்தீர்கள்?" என்று ஒருவர் மற்றொருவரைக் கேட்ட அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் தமிழின் பழம்பெரும் இலக்கியங்கள் அச்சேறிய வரலாறு ஐயர் வாழ்வில் தொடங்கியது!

சிந்தாமணியோ சமண சமயக் காப்பியம். மடத்தில் பெற்ற சைவ நூற்பயிற்சி அதனை விளக்கப் போதவில்லை. ஐயர் என்ன செய்தார்? கும்பகோணத்தில் வாழ்ந்த சமணக் குடும்பங்களை நாடிச் சென்றார். அவர்தம் இல்லத்தில் அமர்ந்து ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். 1887 இல் சிந்தாமணி அச்சாயிற்று. பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அடுத்தடுத்து வெளிவந்தன. அயலாரின் நூலை அறிய வேண்டின் அயலாரையே கேட்க வேண்டும் என்பதும், கேட்பதால் தம் சமயத்திற்கு இழுக்கு வராது என்பதும் ஐயர் வாழ்வு காட்டும் பாடம். அண்டை வீட்டாரின் சமயத்தைப் பற்றிப் பிறர் கூறுவதை மட்டும் கேட்டு முடிவுகட்டும் இக்காலத்தில் இப்பாடம் எத்துணை வேண்டப்படுவது!

துயரந்தரும் பகுதியும் உண்டு. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் சென்ற ஐயர், அங்கிருந்த பழஞ்சுவடிகள் நெய்யில் தோய்த்துத் தீயில் இடப்பட்டன என்று கேட்டு உள்ளம் நைந்தார். நம் ஊர்களிலும் பாட்டனார் கைப்பட எழுதிய வாசாப்பு நாடக ஏடுகளும், தவக்காலத்தில் படித்த வியாகுலப் பிரசங்கப் பழம்பதிப்புகளும் பழைய காகிதக் கடைக்கு எடைக்குப் போகின்றன. உங்கள் வீட்டுப் பரணில் அத்தகையது ஏதேனும் உண்டெனில், வெள்ளையடிக்கும் நாளில் வீசிவிடாதீர்கள் என்று மிகவும் வேண்டுகிறோம்.

மாயூரம் முன்சீப் எழுதிய கதை

ஐயரின் வரலாற்றிலேயே நமக்கு உறவான ஒருவர் எதிர்ப்படுகிறார். அவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் உற்ற நண்பர். அந்நட்பின் அடையாளமாக மகாவித்துவான் இவர்மீது 'குளத்துக் கோவை' பாடினார். 1826 இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, நீதிபதியாய்ப் பணியாற்றி, 1889 இல் மறைந்தவர். தமிழின் முதல் நாவல் எனப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' இவர் எழுதி 1879 இல் வெளிவந்தது.

முதல் நாவல் என்ற பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோர் பல்லாயிரவர். நூலைத் திறந்து பார்த்தோர் எத்தனை பேர்? இதனை நாம் மீண்டும் படித்தபோது பலமுறை வாய்விட்டுச் சிரித்தோம். கதைத்தலைவன் பிரதாபன் நல்லவன்; ஆனால் சிக்கலில் மாட்டிக்கொள்வதில் வல்லவன். அவனை மீட்பவள் மனைவி ஞானாம்பாள். கணவனைத் தேடி ஆண் வேடத்தில் புறப்பட்ட அவளை விக்கிரமபுரியின் பட்டத்து யானை மாலையிட்டு அரசாகத் தேர்ந்தெடுக்கிறது. அவள் ஆட்சியில் நீதி தழைக்கிறது. பெண்கள் எழுத்தறிவதே குற்றம் என்று பலர் எண்ணிய நாளில், ஒரு பெண்ணை அரியணையில் அமர்த்தி, ஆடவர் அவள்முன் கைகட்டி நிற்கக் கதை செய்தார் நம் முன்சீப். பெண் கல்விக்கெனத் தனி நூலும் எழுதினார்.

தமிழ் வழங்கும் நாட்டில் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதிப்பதையும் இந்நாவலில் எள்ளி நகையாடுகிறார். வழக்காளிக்கு விளங்காத மொழியில் அவன் வழக்கு நடப்பது எங்ஙனம் நீதியாகும் என்பது அவர் கேள்வி. உயர் நீதிமன்றங்களில் எம்மொழி வழங்க வேண்டும் என்று இன்றும் வாதம் நடப்பதைக் காணும் வாசகருக்கு, 1879 இல் அச்சான தாள் புதிய செய்தித்தாள் போலத் தோன்றும்.

எழுதியதோடு நின்றாரல்லர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில், தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளின் பசி தீர்த்தார். அவ்வள்ளன்மையை இசைமேதை கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையாகப் பாடினார். சைவப் பெரியார் ஒருவர் கத்தோலிக்கர் ஒருவரைப் பாடிய அக்காலத்து நட்பை இன்றைய பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது பெற்றோர் கடன்.

மரத்தடிக் கூட்டத்தில் இந்நூலைப் பற்றிப் பேசியவர் பத்தாம் வகுப்புத் தாண்டாத ஒரு தாய். நடை பழையது, முதல் சில பக்கங்கள் கடினம் என்றவர், பின்னர் கூறியது: "ஞானாம்பாள் புத்திசாலின்னு எல்லாரும் சொல்றாங்க சாமி. அவளைப் படிக்க வச்சது யாருன்னு பார்க்கணும். பிரதாபனுக்குப் பாடம் சொன்ன இடத்திலேயே அவளையும் உட்கார வச்சாங்க. அதுதான் விஷயம்." இதற்குமேல் எந்தப் பேராசிரியர் விளக்கம் தர இயலும்?

ஆயரின் வெள்ளி

மூன்றாவது நூல் பிரெஞ்சு நாட்டு விக்டர் ஹியூகோ எழுதியது. 1862 இல் வெளிவந்த இதனைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' எனத் தமிழாக்கினார். 1950 இல் நாகையா நடிக்கத் திரைப்படமாகவும் வந்தது. கொடிய காவல் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமனுக்கு ஜாவர் சீதாராமன் என்பதே பெயராக நிலைத்துவிட்டது. முதியோர் பலருக்கு அப்படம் நினைவிருக்கும்.

இந்நூலைப் பற்றி ஒன்றை மறையாமல் கூறுவோம். 1864 இல் திருச்சபை இதனைத் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. 1959 இல்தான் அது நீக்கப்பட்டது. பின்னர் 1966 இல் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில் அப்பட்டியலே வழக்கொழிந்தது. ஒரு நூற்றாண்டளவு விலக்கி வைக்கப்பட்ட அந்நூலின் முதற்பகுதியில் ஒளிவீசி நிற்பவர் யார் தெரியுமா? ஒரு கத்தோலிக்க ஆயர்! திஞ் நகரில் உண்மையில் வாழ்ந்த மியோலிஸ் ஆயரை மனத்திற்கொண்டே ஹியூகோ அவரைப் படைத்தார். ஒரு நூலைப் பற்றிப் பிறர் கூறுவது ஒன்று. அதனைத் திறந்து படித்தறிவது மற்றொன்று.

கதை பலரும் அறிந்ததே. ஒரு ரொட்டி திருடியதற்கு ஐந்தாண்டுத் தண்டனை. தப்பியோட முயன்றதால் வளர்ந்து மொத்தம் பத்தொன்பது ஆண்டுகள் சிறை. 1815 இல் விடுதலையான ஜீன் வால்ஜீனுக்கு எந்தச் சத்திரமும் இடந்தரவில்லை. ஆயர் தம் மேசையில் அமர்த்தி உணவிட்டார். இரவில் அவன் ஆயரின் வெள்ளிச் சாமான்களைத் திருடிக்கொண்டு ஓடினான். காவலர் பிடித்துக் கொணர்ந்தபோது, அவற்றைத் தாமே கொடுத்ததாகக் கூறிய ஆயர், வெள்ளி விளக்குத் தண்டுகள் இரண்டையும் எடுத்துக் கொடுத்தனுப்பினார்.

இதனை மரத்தடியில் கூறி முடித்தோம். எல்லோரும் உள்ளம் உருகினர். அப்போது பின்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் எழுந்தார். "கதை நல்லாத்தான் இருக்கு சாமி. நம்ம தெருவிலேயும் ஒருத்தன் ஜெயிலிலிருந்து வந்திருக்கான். நாலு மாசமா ஒருத்தரும் வேலை கொடுக்கலை. அவனுக்கு யாரு சோறு போட்டா?"

கூட்டம் அமைதியாயிற்று. அவர் குறிப்பிட்டவர் அடிதடி வழக்கொன்றில் தண்டனை பெற்றுக் காலம் முடிந்து திரும்பிய கொத்தனார். அவரால் காயமுற்று இன்றளவும் ஒரு கை சரியாக இயங்காதவரின் குடும்பமும் நம் பங்கினரே. அன்று அக்குடும்பத்தின் மருமகளும் அம்மரத்தடியில்தான் அமர்ந்திருந்தார். தலைகுனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதையில் ஆயரின் செயலைப் புகழ்வது எளிது. வாழ்வில் அஃது எத்துணை இடர்ப்பாடுடையது என்பதை அம்மாலையில் கண்டோம். அப்போது நாம் கூறியது இதுவே: ஆயர் கொடுத்தது தம் சொந்த வெள்ளி. அடுத்த வீட்டு வெள்ளியை எடுத்துக் கொடுத்துத் தம்மை இரக்கமுள்ளவர் என்று காட்டிக்கொள்ளவில்லை. காயமுற்ற குடும்பம் மன்னிக்க வேண்டும் என்று கட்டளையிட நமக்கு உரிமையில்லை. அந்த மன்னிப்பு அவர்களுடைய வெள்ளி. அவர்கள் நேரம் வரும்போது, அவர்கள் மனம் இசைந்தால், அவர்களே கொடுக்க வேண்டியது. ஆனால் வேலை நம்மிடம் உண்டு. ஒரு வேளைச் சோறு நம்மிடம் உண்டு. அவை நம் வெள்ளி. அவற்றைக் கொடுக்க யாருடைய இசைவும் வேண்டியதில்லை.

கூட்டத்தில் இருந்த மேஸ்திரி ஒருவர் அன்று ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் பக்கத்து ஊரில் நடந்த கட்டட வேலைக்கு அக்கொத்தனாரை அழைத்துச் சென்றார் என்று பின்னர் அறிந்தோம். எல்லோரும் இதனை ஏற்றார்களா? இல்லை. இரண்டு குடும்பங்கள் சில மாதங்கள் மரத்தடிக்கு வருவதை நிறுத்திவிட்டன. அந்த மருமகள் மட்டும் தவறாமல் வந்தார். ஒருநாள், யாரும் கேளாமலே, அந்நூலை இரவல் வாங்கிச் சென்றார். இன்னும் திருப்பித் தரவில்லை; நாமும் கேட்கவில்லை.

துண்டுத் தாளில் எழுதியவர்

நான்காவது நூல் வியன்னா நகர் மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல் எழுதியது. நாத்சிகளின் வதைமுகாம்களில் தாம் பட்டதையும் கண்டதையும் 1946 இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். ஒன்பதே நாள்களில் சொல்லி எழுதுவித்த சிறு நூல். உலக மொழிகள் பலவற்றிலும், தமிழிலும், வெளிவந்துள்ளது.

யூதரான அவருக்கு அமெரிக்கா செல்ல விசா கிடைத்திருந்தது. முதிய பெற்றோரை விட்டுச் செல்வதா என்று மனம் தடுமாறிய வேளையில், தந்தையாரின் மேசைமீது ஒரு சலவைக்கல் துண்டைக் கண்டார். எரிக்கப்பட்ட தொழுகைக்கூடத்தின் இடிபாட்டிலிருந்து தந்தை எடுத்து வந்தது. பத்துக் கட்டளைகளுள் ஒன்றைக் குறிக்கும் எழுத்து அதில் இருந்தது. எந்தக் கட்டளை? தாய் தந்தையரை மதித்து நடக்கப் பணிக்கும் கட்டளை! பிராங்கல் புறப்படவில்லை. 1942 இல் குடும்பத்தோடு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தந்தை, தாய், அண்ணலாய் வாழ்ந்த உடன்பிறந்தார், அன்பு மனைவி ஆகிய நால்வரையும் இழந்தார். 1945 ஏப்ரலில் விடுதலையானார்.

அவுஷ்விட்சில் நுழைந்தபோது, வாழ்நாள் ஆராய்ச்சியின் கையெழுத்துப்படி அவர்தம் மேலங்கிக்குள் இருந்தது. அது பறிபோயிற்று. மாற்றாகக் கிடைத்த கந்தல் அங்கி, நச்சுப்புகையில் மாண்ட வேறொருவருடையது. அதன் பையில் செபநூலிலிருந்து கிழித்த ஒற்றைத் தாள் இருந்தது: யூதர் நாள்தோறும் செபிக்கும் தலையாய மன்றாட்டு. எழுதி வைத்த கொள்கையை இனி வாழ்ந்து காட்ட வேண்டும் என்ற அழைப்பாக அதனைக் கொண்டார். பின்னர்க் காய்ச்சலில் கிடந்தபோது, கிடைத்த துண்டுத் தாள்களில் இழந்த நூலை மீண்டும் குறித்து வைத்தார்.

முகாமில் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்த இருவரைப் பற்றி அவர் எழுதுகிறார். வாழ்விடமிருந்து எதிர்பார்க்க இனி ஒன்றுமில்லை என்றனர் அவ்விருவரும். உங்களிடமிருந்து வாழ்வு எதிர்பார்ப்பது என்ன என்று திருப்பிக் கேட்டார் மருத்துவர். ஒருவருக்கு வெளிநாட்டில் ஒரு குழந்தை காத்திருந்தது. மற்றவருக்கு எழுதி முடிக்காத அறிவியல் நூல்கள் காத்திருந்தன. அக்குழந்தைக்கு வேறு தந்தை இல்லை. அந்நூல்களை வேறெவரும் எழுத இயலாது.

தேர்வு முடிவுகள் வெளிவரும் மாதங்களில் நம் இல்லங்கள் சிலவற்றில் படரும் இருளை நாம் அறிவோம். மதிப்பெண் ஒன்றே மனிதன் என்று பேசிப் பேசிப் பிள்ளைகளை அவ்விருளுக்குள் தள்ளுவோர் பெரியோரே. அத்தகைய இல்லங்களுக்கு இந்நூலைப் பரிந்துரைக்கிறோம். துயரம் மிகுந்த நூலாதலால் பெற்றோர் முதலில் படித்து, பிள்ளையோடு அமர்ந்து பேசுக. சோர்வு முற்றியிருப்பின் நூல் மட்டும் போதாது. மருத்துவரிடம் தயங்காது அழைத்துச் செல்க. பிராங்கலும் மருத்துவரே என்பதை மறவாதீர்கள்.

சிறுவர்க்கு ஒன்று

சிறு பிள்ளைகளோடு நாம் அண்மையில் படித்தது வீரமாமுனிவரின் 'பரமார்த்த குரு கதை'. தேம்பாவணி பாடிய அதே கை, இந்த நகைச்சுவைக் கதையையும் எழுதியது. முனிவர் 1747 இல் மறைந்தார். இக்கதை 1822 இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சாயிற்று. ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்துப் பார்க்கும் சீடர்களைக் கண்டு பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தனர். குருவையே கேலி செய்யும் கதையைக் குருவானவர் ஒருவரே எழுதினாரா என்று ஒரு சிறுமி வியந்தாள். ஆம் என்றோம். தம்மைக் கண்டு சிரிக்கத் தெரிந்தவரே பிறருக்குக் கற்பிக்கத் தகுந்தவர்.

பகிர்வது எங்ஙனம்?

நூல் வாங்கப் பணமில்லை என்பர் சிலர். சென்னை மாகாணத்தில் 1948 இலேயே பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் மாகாணங்களுள் நாமே முன்னோடி. அதற்கு உழைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலகத் தந்தை அரங்கநாதன். நீங்கள் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே பெறப்படுகிறது. ஆதலால் உங்கள் ஊர் நூலகத்தின் நூல்களுக்கு நீங்கள் முன்னரே பணம் செலுத்திவிட்டீர்கள்! எடுத்துப் படிப்பதொன்றே எஞ்சியுள்ளது. கைப்பேசியை விடமுடியவில்லை என்போருக்கும் வழியுண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வாயிலாக, ஐயரின் வரலாறும் வேதநாயகரின் நாவலும் கட்டணமின்றிக் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன.

பகிர்வோருக்குச் சில சொற்கள். கதை முழுவதையும் ஒப்புவிக்க வேண்டா. உங்களைத் தொட்ட ஓரிடத்தைச் சொல்லுங்கள், மற்றதைக் கேட்பவர் தாமே தேடுவார். படித்ததைக் கொண்டு பிறரைக் குத்திக் காட்ட வேண்டா. மாமியார் படித்தது மருமகளுக்காகவும், மருமகள் படித்தது மாமியாருக்காகவும் எழுதப்பட்டதன்று. பிடிக்காத நூலைப் பிடிக்கவில்லை என்று கூறவும் பிள்ளைகளுக்கு உரிமை கொடுங்கள். ஏன் என்று மட்டும் கேளுங்கள். இரவல் கொடுத்ததை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நட்பும் நிலைக்கும், நூலும் திரும்பும். இரவு குடும்ப செபம் முடிந்தபின் கால்மணி நேரம் ஒருவர் படிக்க மற்றவர் கேட்கட்டும். கண்பார்வை மங்கிய பாட்டனாரும், எழுத்தறியாத பாட்டியாரும் அவ்வேளையில் வாசகர் ஆவர்.

நாம் படித்தவற்றைக் கூறிவிட்டோம். இனி உங்கள் முறை. வரும் ஞாயிறு திருப்பலி முடிந்து படியிறங்கும்போது, வழக்கமான நலவிசாரிப்புகளோடு இந்த ஒரு கேள்வியையும் அருகிலிருப்பவரிடம் கேளுங்கள். அவர் ஒரு நூலின் பெயரைக் கூறினால், இரவல் கேளுங்கள். ஒன்றும் படிக்கவில்லை என்று தயங்கினால், உங்கள் கையில் இருப்பதைக் கொடுங்கள்.